பிணத்தின் வேடத்தைக் கேட்டு வாங்கிய யோகண்ணன்

யோகண்ணன் போய்விட்டார். நேற்று மத்தியானம், எங்கள் ஒபிஸிலேயே... தன் கதிரையில் உட்கார்ந்தபடி.

பதினொரு வருடம் எனக்குப் பக்கத்து மேசை. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்த மனிதர், கடைசிவரை இந்த ஊர்க் குளிரைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

போன மாதம் ஒரு டிடெக்டிவ் நாவல் கொண்டுவந்தார். இத்தாலியில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் நடக்கும் கொலை. கொலை என்றுதான் பேர், பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு. லன்ச் நேரத்தில் இரண்டு பேரும் ஒரே புத்தகத்தில் தலையை விட்டுக்கொண்டு வாசிப்போம்.

இத்தாலிப் பெயர்கள் இருவருக்கும் மண்டையில் நிற்கவில்லை. அதனால் ஒவ்வொரு பெயருக்கு மேலேயும் பென்சிலால் ஒபிஸ் ஆட்களின் பெயரை எழுதினார். சீஃப் கிளார்க் இன்ஸ்பெக்டர். கன்டீன் அக்கா பணக்கார விதவை. நான் சமையல்காரி...

"பிணத்துக்கு ஆருடைய பேரைப் போடுறது?" என்று கேட்டார்.

"ஐயோ, சும்மா இருங்கண்ணே!"

"நானே பிணமா இருக்கிறன் தங்கச்சி. கதை முடியுமட்டும் ஒரு வேலையும் இல்லை."

பாவி, நானும் சிரித்தேன்.

அந்த நாவலில் செத்தவர் மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்தபடி கதிரையில் இருப்பார். தூங்குகிறார் என்று நினைத்துச் சமையல்காரி கோப்பியை வைத்துவிட்டு, ஆறவிடுகிறார் என்று திட்டித் தீர்ப்பாள். அந்த இடத்தை இரண்டு தடவை வாசித்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நேற்று எல்லோரும் மாடியில் மீட்டிங். அவர் மட்டும் வரவில்லை. முடிந்து வரும்போது அவருக்கும் ஒரு தேத்தண்ணி எடுத்துவந்து மேசையில் வைத்தேன். கண்ணாடி கையில். தலை கொஞ்சம் சாய்ந்து...

"ஆறப் போகுது, குடிங்கண்ணே" என்றேன். என் ஃபைலைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்தும் தேத்தண்ணி அப்படியே இருந்தது. கையைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

உன்மேல் பிழையில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் தேத்தண்ணி வைப்பதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே உயிர் போய்விட்டது என்றாராம் டொக்டர். அப்போதே உலுப்பியிருந்தாலும் பயனில்லையாம்.

ஆனால் நான் குடிக்கச் சொன்னபோது அவர் பதில் சொன்னார். மெதுவாக, எப்போதும் சொல்வது போல... "ஓம் தங்கச்சி."

என் இரண்டு காதாலும் கேட்டேன். கேட்டபடியால்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

போயிட்டு வாங்க, யோகண்ணே.