போன் சாமை டிரம்மில் இருந்தபோது

எங்கள் வாசலில் அன்று இருந்தவர்கள் இவர்கள். பஞ்சாயத்து சொல்கிற ஊர்க்கவுண்டர். என் வீட்டுக்காரர். அவருடைய தம்பி. தம்பி பெண்சாதி. அவர்கள் மகன், பதினொன்றாவது படிக்கிறவன். பள்ளிக்கூடத்துக்கு ஜீப் ஓட்டுகிறவர். நான். பன்னிரண்டாவது படிக்கும் என் மகள் வெளியே வரவில்லை, கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயரில் மகள் இங்கிலீஷில் செய்தி படித்தாள். நடுவில் ஒரு வார்த்தையில் நின்றுவிட்டாள். முதல் எழுத்தையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தம்பி மகன் மறைத்துக் கொண்டுபோன போனில் அதைப் படம் பிடித்தான். பேட்டரி இறங்கின ஜீப் ஸ்டார்ட் ஆகாமல் இழுக்குமே, அந்தச் சத்தத்தை அதோடு ஒட்டினான். வீடியோவாகப் போட்டான். மலை முழுக்கப் பார்த்தார்கள். கீழே போளூரிலும் பார்த்தார்கள். மகள் ஜீப்பில் ஏறினால் பிள்ளைகள் அந்தச் சத்தம் போட்டார்கள். அவள் ஏறுவதை நிறுத்திவிட்டாள்.

கவுண்டர் பையனைப் பார்த்தார்.

"எட்றா அந்த போன. எல்லார் முன்னாடியும் அழி."

அழித்தான். போனை ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் காட்டினான்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது தாத்தா."

"அவ்ளோதான். பாப்பா நாளைக்கி பள்ளிக்கூடம் போவட்டும். அண்ணன் தம்பி வூட்ல இது ஒரு பஞ்சாயத்தா?" துண்டை உதறித் தோளில் போட்டார்.

நாங்களும் முடிந்தது என்றுதான் நினைத்தோம். மரத்தை வெட்டினால் மரம் இல்லை. எங்களுக்கு அப்படித்தான் தெரியும்.

ஜீப் ஓட்டுகிறவர் தலையைச் சொறிந்தார்.

"கவுண்டரே, தப்பா நெனைக்காதீங்க. அது என் போன்லயும் கீது."

"உன் போனுக்கு எப்பிட்றா வந்துச்சி?"

"போளூர்லருந்து மச்சான் அனுப்பிச்சான். இவன்கிட்டருந்து கீழ போயி, கீழருந்து மேல வந்துகீது."

"இன்னும் யார்கிட்ட கீது?"

"யார்கிட்ட இல்லன்னு கேளுங்க."

கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

மறுநாள் அவள் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. எங்கள் ஊரில் பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். காலையில் ஏறுவாள், மத்தியானம் இறங்குவாள். யார் யார் சிரித்தார்கள், என்ன எழுதினார்கள் என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் சோறு காய்ந்தது. புத்தகம் பையை விட்டு வெளியே வரவில்லை.

போனைப் பிடுங்கினேன். சாமை டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுப் புதைத்தேன். மூடியைப் போட்டேன். அவள் அழவில்லை. சண்டையும் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்காரர் திருப்பூர் பேச்சை எடுத்தார். படிப்பை விட்ட பெண்கள் எங்கள் ஊரில் பனியன் கம்பெனிக்குத்தான் போகிறார்கள். ஆள் சேர்க்கிறவர் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டும் போனார். நான் ஐந்தாவதோடு நின்றவள். மகள் நர்ஸ் படிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். காலாண்டுப் பரீட்சையும் எழுதாவிட்டால் அவள் படிப்பு அதோடு போயிற்று என்று எனக்குத் தெரிந்தது. அவரிடம், "இரு, பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

ஒருநாள் அவளுடைய டீச்சர் அதே ஜீப்பில் ஊருக்கு வந்தார்.

"பாடம், கேள்வித்தாள் எல்லாம் குரூப்ல போட்டிருக்கேன்மா. அவ ஒண்ணுகூட பாக்கலையே. ஏன்?"

"போன் சாமை டிரம்முல கீதுங்க டீச்சர்."

"எதுல?"

"சாமை டிரம்முல."

டீச்சர் என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரிதாம்மா. ஆனா என் பாடமும் அதுக்குள்ளதானே இருக்கு."

அதை நான் யோசிக்கவில்லை.

மகளிடமும் பேசினார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டே, "வர்றேன் மிஸ்" என்றாள். வரமாட்டாள் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

சாமைக்குக் களை எடுக்கும் நாள் வந்தது. எங்கள் பக்கம் இதற்குக் கூலி ஆள் கிடையாது. தம்பி காட்டில் நாங்கள் ஒரு நாள், எங்கள் காட்டில் அவர்கள் ஒரு நாள். மாத்தாள் என்போம். வீடுகளுக்குள் சண்டை இருந்தாலும் மாத்தாள் நிற்காது. களை காத்திருக்காது.

"அந்தப் பையன் வர வாணாம்" என்றார் வீட்டுக்காரர்.

"நாம போய்ட்டு வந்தாச்சி. அவங்க வந்துதான் ஆவணும்" என்றேன்.

தம்பி பெண்சாதி மகனை இழுத்துக்கொண்டு வந்தாள். என் மகளும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். நான் கூப்பிடவில்லை. ஒரு ஆள் குறைந்தால் மழைக்கு முன் முடியாது என்று அவளுக்கே தெரியும். வரிசையாக உட்கார்ந்தோம். வரிசையில் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. தம்பி பெண்சாதி மகனைப் பிடித்து என் மகளுக்குப் பக்கத்தில் தள்ளினாள்.

"இங்க குந்துடா. அவ மூஞ்சப் பாத்துகினே களை எடு."

ரொம்ப நேரம் கொத்துச் சத்தம்தான். பிறகு அவன் வாயைத் திறந்தான்.

"அக்கா, நான் அழிச்சிட்டன்க்கா."

"எங்க அழிச்ச?"

"என் போன்ல."

"சரி."

வரிசை இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

"எனுக்கு தூக்கமே வர்லக்கா. எத்தினி பேர் பாத்தான், எத்தினி பேர் லைக் போட்டான்னு பாத்துகினே கெடந்தேன். இப்பகூட கை தானா போன தேடுது. மாசப் பரீட்சைல எல்லாத்துலயும் பெயிலு."

"எல்லாத்துலயுமா?"

"தமிழ்லகூட."

"அட பாவி. தமிழ்லகூடவா?"

அவனுடைய அம்மாவுக்கு அது அப்போதுதான் தெரியும். "வூட்டுக்கு வா, உன்ன வெச்சிக்கிறேன்" என்றாள்.

மகள் அவன் போட்டிருந்த பனியனைப் பார்த்தாள். நெஞ்சில் பெரிய எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ இருந்தது.

"அதுல இன்னாடா எழுதிகீது?"

"தெர்லக்கா."

"தெரியாமயா போட்டுகினு சுத்தற? படி."

அவன் பனியனை இழுத்துப் பிடித்துத் தலைகீழாகப் பார்த்தான். முதல் எழுத்தைச் சொன்னான். நின்றான். மறுபடி அதையே சொன்னான். மறுபடியும். அவனுடைய அம்மா குனிந்த தலை நிமிராமல், "ர்ர்ர்... ர்ர்ர்..." என்றாள்.

"எறங்கித் தள்ளுங்கடா" என்றார் என் வீட்டுக்காரர்.

வரிசை முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான், காது சிவந்து. என் மகள் சிரித்ததை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாள்.

பிறகு அவளே அந்த வார்த்தையைத் துண்டு துண்டாக உடைத்துச் சொன்னாள். அவளும் ஒரு இடத்தில் நின்றாள். திரும்ப எடுத்தாள். யாரும் சத்தம் போடவில்லை.

சாயங்காலம் கை கழுவும்போது கேட்டாள்.

"யம்மா, போன் எந்த டிரம்முல கீது?"

"எதுக்கு?"

"மிஸ் பாடம் போட்டுக்கிறாங்க."

"அதையும் பாப்பியே."

"பாப்பேன். கொஞ்ச நாள் பாப்பேன். அப்பறம் வுட்டுடுவேன்."

பொய் சொல்லவில்லை என்பது போதும் என்று நினைத்தேன். எடுத்துக் கொடுத்தேன். சார்ஜ் போடும் ஓட்டையில் சாமை அடைத்திருந்தது. ஊக்கால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்தாள்.

திங்கட்கிழமை ஜீப்பில் ஏறினாள். அன்று நடந்ததை ஓட்டுகிறவர் வந்து சொன்னார். பின் சீட்டில் ஒருவன் அந்தச் சத்தத்தைப் போட்டான். மகள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி மகன், "டேய், பழசாய்டுச்சிடா" என்றான். வேறு யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. போட்டவன் தனியாகப் போட்டு நிறுத்திவிட்டான். இரண்டு வளைவு தாண்டி அவள் புத்தகத்தை எடுத்தாள். ஓட்டுகிறவரும் தன் போனில் இருந்ததை அழித்துவிட்டதாகச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. டீ கொடுத்தேன்.

அப்புறம் எல்லாம் சட்டென்று சரியாகிவிடவில்லை. சில நாள் முகம் இறுகி வருவாள். யாரோ ஏதோ எழுதியிருப்பார்கள். சாப்பிட்டுவிட்டுப் படு என்பேன். சாப்பிடுவாள். அது முன்பு இல்லை.

சாயங்காலங்களில் அவளும் தம்பி மகனும் சேர்ந்து பாறைக்கு ஏறுவார்கள். டீச்சர் அனுப்பினதை இறக்கிக்கொள்வார்கள். வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். யாரையாவது கேலி செய்து வீடியோ வந்தால் அவள் பார்க்கிறாளா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் அனுப்புவதில்லை என்று தம்பி மகன் சொன்னான்.

அவன் ஒருநாள் தன் போனை நீட்டிக்கொண்டு என் முன்னால் நின்றான்.

"பெரிம்மா, இதையும் உங்க டிரம்முல போட்டு வைங்க. காலைல வாங்கிக்கிறேன்."

"டிரம்மு இன்னா பேங்கு லாக்கராடா? உங்க வூட்ல டிரம்மு இல்ல?"

"எங்க வூட்டுதுனா நானே எடுத்துடுவேன்."

வாங்கிப் போட்டேன். அதற்கப்புறம் தினமும் கொண்டுவந்தான். சில நாள் கொண்டுவரவில்லை. மறுநாள் கண்ணைப் பார்த்தாலே தெரியும்.

சாமை அறுத்தோம். அடித்துத் தூற்றினோம். காலாண்டு முடிந்து அரையாண்டுப் பரீட்சையும் வந்தது. இரண்டிலும் மகள் எல்லாத் தாளும் எழுதினாள். பிரேயரில் இன்னும் படிக்கவில்லை. டீச்சர் கேட்டதற்கு, பொங்கல் முடியட்டும் மிஸ், படிக்கிறேன் என்றாளாம். திருப்பூர் ஆள் மறுபடி வந்தார். என் வீட்டுக்காரரே வாசலில் நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டார். உள்ளே வந்து, "அவ படிக்கட்டும்" என்றார்.

மார்க் குரூப்பில் வந்தது. பாறையிலிருந்து ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. ஒவ்வொரு பாடமாகச் சொன்னாள், எதிலும் பெயில் இல்லை. எனக்குப் பாடம் தெரியாது, மொத்தம் சொல் என்றேன். விரல் விட்டுக் கூட்டினாள். அறுநூறுக்கு எவ்வளவு என்று அவள் அப்பா கேட்டார்.

முந்நூற்றுப் பதினெட்டு.