கைகாட்டி இறங்கும்வரை

எங்கள் வாசகசாலைச் செயலாளர் இறந்துபோன ஒரு மனிதரின் படங்களைக் கெடுத்தார். கை தவறிக் கெடுக்கவில்லை. யோசித்து, ஆள் பிடித்து, சாயம் வாங்கிக் கொடுத்துக் கெடுத்தார். அந்தப் படங்களை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்த மடையன் நான். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. இருபது வருடத்துக்கு மேல் ரயிலில் டிக்கெட் கேட்டே பழகிய வாய்.

அந்த மனிதரை நான் கார்டு அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வழியாகத் துறைமுகம் போகும் வண்டியில் அவர் கார்டு, நான் டிக்கெட் பரிசோதகன். பதினோரு வருடம் ஒரே வண்டி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் அடுத்தடுத்த வீடு. அவரை நினைத்தால் முகத்துக்கு முன்னால் அவருடைய பென்சில்தான் எனக்கு நினைவுக்கு வரும். பார்சல் சீட்டு எழுத ரயில்வே கொடுக்கிற பென்சில் அது. காய்ந்திருக்கும்போது கறுப்பாக எழுதும். ஈரம் பட்டால் ஊதாவாக மாறும், அதற்குப் பிறகு என்ன செய்தாலும் அழியாது. அதைச் சணல் நூலில் கட்டிக் கோட்டுப் பொத்தானில் மாட்டியிருப்பார். நாக்கில் தொட்டுத் தொட்டு வரைவார். கீழுதடு எந்நேரமும் ஊதாவாக இருக்கும். "என்ன கார்டு, இன்னிக்கும் நாவப்பழமா?" என்று பத்து தீகா ஸ்டேஷன் மாஸ்டர் கேட்காத நாள் கிடையாது. "ஆமா சார், ஸ்டேஷன் மாஸ்டருங்களுக்கு மிச்சம் வைக்கிறதில்ல" என்பார் இவர்.

அப்போது அது ஒற்றைத் தடம். எதிரே வரும் வண்டிக்கு வழிவிட ஏதாவது ஒரு ஸ்டேஷனில் நின்றே ஆக வேண்டும். கார்டு அண்ணன் இறங்கி, பார்சல்களைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, பெட்டிக் கதவுகளைப் பார்த்துவிட்டு வருவார். அதற்குப் பிறகு சிக்னல் கைகாட்டி இறங்கி வழிவிடும்வரை கொஞ்சம் நேரம் மிஞ்சும். சில நாள் ஆறு நிமிடம், சில நாள் ஒன்றுகூட இருக்காது. அந்த நேரம்தான் அவருடைய படம். கோட்டுப் பையில் அடங்குகிற நோட்டுப் புத்தகத்தை எடுப்பார். பழைய கால அட்டவணைகளின் பின்பக்கங்களைச் சேர்த்து அண்ணி சாக்கு ஊசியால் தைத்துக் கொடுத்தது அது. எதிரில் எது இருக்கிறதோ அதை வரைவார். கித்தா ரப்பர் மூட்டை மேல் தூங்குகிறவன், மலாய்க் கம்பத்துக் கிராமப் பெண்ணின் கூடைக்குள்ளிருந்து தலை நீட்டும் வாத்து, தண்ணீர்த் தொட்டியின் கால். கைகாட்டி இறங்கியதும் பென்சில் நிற்கும். கோட்டின் நடுவில் என்றாலும் நிற்கும். வாத்துக்கு அலகு இருக்காது. தூங்குகிறவனுக்கு ஒரு கால்தான் இருக்கும்.

எனக்கு அது எரிச்சலாக வரும். "வண்டி கிளம்ப இன்னும் அரை நிமிஷம் இருக்கே அண்ணே, அந்தக் காலைப் போட்டுடுங்களேன்" என்பேன். "அது ரயிலோட அரை நிமிஷம் தம்பி, என்னோடது இல்ல" என்று சொல்லிக்கொண்டே பச்சைக் கொடியை விரிப்பார். வண்டிக்குள் போய் நினைவிலிருந்து முடிக்கலாமே என்றால் அதற்கும் ஒப்ப மாட்டார். பார்க்காததைப் போடக் கூடாதாம்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெத்தாலிங்கில் ஒரு எருமையை வரைந்தாராம். கைகாட்டி இறங்கிவிட்டது. கொம்பு ஒன்று பாக்கி. அதை முடித்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலே விசில் ஊதிக் கொடியைக் காட்டிவிட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்த ஒரு தோட்டத்துப் பெண் பிளாட்பாரத்தில் விழுந்தாள். முழங்கை கிழிந்தது, உயிருக்கு ஒன்றும் இல்லை. அவள் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, இவரைப் பார்த்து ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லையாம். "திட்டியிருந்தா மறந்திருப்பேன்" என்றார். முதல் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த எருமை இருக்கிறது. இரண்டு கொம்பும், வாலும், நான்கு குளம்பும் சரியாக இருக்கும். அவர் முழுதாக முடித்த படம் அது ஒன்றுதான். அந்தப் பக்கம் வந்தால் சட்டென்று புரட்டிவிடுவார்.

வீட்டிலும் அதே கட்டுப்பாடு. காலையில் அண்ணி உலை வைத்ததும் அடுப்படி நிலைப்படியில் உட்காருவார். கொதி வரும்வரை வரைவார். ஒரு தகரப் பெட்டியில் எட்டு வண்ணக் கட்டிகள் வைத்திருந்தார். முந்தின நாள் ரயிலில் வரைந்ததற்கு வண்ணம் தொட்டுவிட்டு, வீட்டில் கண்ணில் படுகிற ஏதாவது ஒன்றைப் புதிதாக வரைவார். ஈரத் தூரிகை பென்சில் கோட்டில் பட்டதும் கோடு ஊதாவாகக் கசியும். அதுதான் அவர் படங்களில் நிழல். அவர் வரைந்த கிள்ளான் ஆற்றுக்கும், கிள்ளான் பாசார்ச் சந்தையின் மீனுக்கும், எங்கள் குடியிருப்புச் சுவருக்கும் ஒரே ஊதா நிழல். கோடு நின்ற இடத்தில் வண்ணமும் நின்றுவிடும். மீதி வெறும் தாள். லீவில் ஈப்போ போனாலும், பத்துமலைக்குக் குடும்பத்தோடு போனாலும் நோட்டு கூடவே போகும். காய்ச்சலில் படுத்திருந்த நாளில் போர்வையின் கோடுகளை வரைந்தார். ஒரு நாள் விட்டால் என்ன என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகாது. மறுநாள் கை என்னை விசாரிக்கும், அவ்வளவுதான்" என்றார்.

அண்ணி அவரைக் கிண்டல் பண்ணாமல் விடவே மாட்டார். "எங்க வீட்ல பூனைக்கு வால் கிடையாது, குடத்துக்கு அடி கிடையாது. இந்த மனுஷன் படத்தைப் பார்த்தா ஊரையே எலி கடிச்ச மாதிரி இருக்கு லா" என்று வாசலில் நின்று எனக்குக் கேட்கும்படிச் சொல்வார். அவர் சிரித்துக்கொண்டே வரைவார். "சோறு சீக்கிரம் கொதிச்சா நான் என்ன பண்ண?" என்பார்.

அந்த நோட்டுகளில் ஒரு படம் மட்டும் அண்ணியுடையது. அதைப் பிரித்தெடுத்துத் தன் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தார். கதை இதுதான். ஊரில் கல்யாணம் முடிந்த மாதமே அண்ணன் வேலைக்குத் திரும்பிவிட்டார். வீடு கிடைத்து அண்ணி தன் மாமாவோடு கப்பலேறி வந்து சேர மூன்று வருடம் ஆனது. நோய் இருக்கிறதா என்று பார்க்கத் துறைமுக முகாமில் அடைத்து வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். அவர் ஏறியது எங்கள் வண்டி. அண்ணன் வேலையில் இருந்தார், கூட உட்கார முடியாது. பத்து தீகாவில் எதிர்வண்டிக்கு நின்றோம். அவர் இறங்கிப் போய் அந்த ஜன்னலுக்கு எதிரே நின்றார். மூன்று வருடம் காத்திருந்த மனிதர் பேசியது இரண்டே வார்த்தை. "தண்ணி வேணுமா?" அண்ணி வேண்டாம் என்று தலையாட்டினார். இவர் நோட்டை எடுத்தார்.

ஜன்னல் கம்பியைப் பிடித்த கை. இரண்டு கண்ணாடி வளையல். தோளில் சேலை மடிப்பு. வாடிப்போன பூவோடு பின்னலின் நுனி. கழுத்து வரைக்கும் வந்தார். கைகாட்டி இறங்கியது.

"மூணு வருஷம் கழிச்சு வந்தவளோட மூஞ்சிய விட்டுட்டு வளையலைப் போட்டாரு பாருங்க தம்பி!" இதை அண்ணி எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. "கைதான் முதல்ல தெரிஞ்சுது. மூஞ்சிய வீட்டுக்கு வந்து பார்த்துக்கலாம்னு விட்டேன்" என்பார் அவர். "இப்ப போடுங்களேன்." "இப்ப இருக்கிறது வேற மூஞ்சி." இந்தப் பேச்சு அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. சாகும் வருடம்வரை நடந்தது.

அன்றைக்கு அந்த முகத்தை நான் பார்த்தேன். டிக்கெட்டில் துளை போட்டவன் நான். கப்பல் மயக்கம் தெளியாமல் வெளுத்துப்போய், அழுது அழுது இமை வீங்கி, மூக்கு நுனி சிவந்திருந்த முகம். நான் பார்த்ததைச் சொல்கிறேன், அதை வைத்தாவது வரையுங்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். "நீ பார்த்ததை நான் எப்படித் தம்பி வரையறது?" என்று கேட்டார். அந்த வயதில் எனக்கு அது வெறும் வறட்டுப் பேச்சாகப் பட்டது.

அவர் காய்ச்சலில்தான் போனார். கடைசி நோட்டில் கடைசியாக இருப்பது ஒரு டம்ளரின் வாய், பாதி வட்டம். அவர் போன மறுவருடம் வாசகசாலை ஆண்டு விழாவில் படங்களை மாட்டலாம் என்று செயலாளர் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அண்ணியிடம் பேசி நோட்டுகளையும் அந்த ஜன்னல் படத்தையும் நானே வாங்கிப் போனேன். "இது மட்டும் பத்திரம் தம்பி" என்று ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார்.

விழா அன்று சாயங்காலம் அண்ணி வந்தார். மண்டபத்தில் பதினேழு படங்கள் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கின. கீழே அண்ணன் பெயர் அச்சடித்து ஒட்டியிருந்தது. வாத்துக்கு அலகு இருந்தது. தூங்குகிறவனுக்கு இரண்டு கால். வெறும் தாளாக இருந்த இடமெல்லாம் தென்னைமரம், மலை, மறைகிற சூரியன். அண்ணி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஜன்னல் படத்தின் முன்னால் நின்றார். காலண்டரில் வரும் அம்மன் மாதிரி ஒரு முகம், உருண்டைக் கன்னம், மூக்குத்தி, சிரிப்பு.

"தம்பி, யாரு இவ?"

நானும் அப்போதுதான் அதைப் பார்க்கிறேன். பக்கத்தில் நின்ற செயலாளர் சிரித்துக்கொண்டே, "நீங்கதாம்மா! எவ்வளவு லட்சணமா இருக்கீங்க பாருங்க" என்றார். அண்ணி அந்தக் கண்ணாடியைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். "நான் இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். பின்னாலேயே ஓடினேன். சடக்கில், ரோட்டு ஓரமாக நின்று, "மூஞ்சி போட்டவன் கையை விட்டு வச்சிருக்கான் தம்பி. கை மட்டும் நான்தான்" என்றார்.

மறுநாள், செயலாளர் இதற்குப் பிடித்த, கடைப் பலகை எழுதும் பெயிண்டரைத் தேடிப் பிடித்தேன். அவன் மறைக்கவில்லை. "மூஞ்சி போடச் சொன்னாரு, போட்டேன். எந்த மூஞ்சின்னு கேட்டேன் அண்ணே. லட்சணமா ஒண்ணுன்னாரு. அந்தக் கையைத் தொட மட்டும் எனக்குத் தைரியம் வரல" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. செயலாளரிடம் போனேன். அவர் பதில் தயாராக வைத்திருந்தார். "வெள்ளைக்காரத் துவான் வந்து பார்க்கிற இடம் இது. பாதிப் பாதியா மாட்டி வச்சா, தமிழனுக்கு எதையும் முடிக்கத் தெரியாதுன்னு சொல்லுவான். நம்ம ஆளு மானத்தைத்தான் காப்பாத்தினேன்" என்றார். பிறகு முதல் நோட்டைத் திறந்து அந்த எருமையைக் காட்டினார். "இதோ, முழுசா வரைஞ்சிருக்காரே! அவருக்குத் தெரியாமலா? மத்ததெல்லாம் சோம்பல். நாம முடிச்சுக் கொடுத்தோம்."

எந்தப் படத்தைப் பார்க்க அந்த மனிதர் வெட்கப்பட்டாரோ, அதையே அவருக்கு எதிராகச் சாட்சி வைத்தார். நான் எருமையின் கதையைச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

இன்று அந்த ஒற்றைத் தடத்தை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. கித்தா மரங்களுக்கு நடுவில் நின்றுபோன வண்டி, கரிப்புகை வாசம், ஊதா உதட்டோடு ஒரு மனிதர், கைகாட்டியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே வரைகிறார். அவர் விட்ட வெறும் இடங்களைப் பார்த்தால் அந்த ஸ்டேஷனில் எவ்வளவு நேரம் நின்றோம் என்றுகூட என்னால் சொல்ல முடிந்தது. நானும்தான் அந்தக் காலைப் போடச் சொல்லி நச்சரித்தேன். போட்ட பிறகுதான் புரிந்தது, போனது என்ன என்று. வாத்துப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி எண்ணெய்ச் சாயத்தைச் சுரண்டிப் பார்த்தேன், தாள் கிழிகிறது. ஜன்னல் படத்தின் அந்த முகத்தையும் இனி எடுக்க முடியாது.

அண்ணி இப்போது கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறார். படத்தைத் திருப்பி வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "அது நான் இல்லைன்னு ஊருக்குச் சொல்லச் சொல்லுங்க. அது போதும்." செயலாளருக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. படம் இன்னும் அதே சுவரில், அதே பெயரோடு தொங்குகிறது.

அண்ணனின் பென்சில் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு அங்குலம் மிச்சம். இதை அந்தப் பென்சிலால்தான் எழுதினேன், நாக்கில் தொட்டுத் தொட்டு. இது அழியாது. செயலாளரே, ஆண்டு விழா மறுபடியும் வருகிறது. அதே மண்டபத்தில், அதே ஆட்களுக்கு முன்னால், உங்கள் துவானையும் உட்கார வைத்துக்கொண்டு, அந்த ஜன்னல் படத்தின் பக்கத்தில் போய் நில்லுங்கள். கை யாருடையது என்று எங்களுக்குத் தெரியும். முகம் யாருடையது? அண்ணி கேட்டார். இப்போது நான் கேட்கிறேன். எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.