பேனாவைத் தொடாத செயலாளர்

பத்தாம் வகுப்போடு நின்ற நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் எங்கள் தெரு யூதர்கள் அயலவர்களுக்கு உதவ ஒரு கவுன்சில் தொடங்கிய வருடம் அது. ஒரு வெள்ளிக்கிழமை, ஆறு மணிக்குள் அறையைவிட்டுப் போகாவிட்டால் சாமான்களைத் தெருவில் எறிவேன் என்றார் வீட்டுக்காரர். நானும் மனைவியும் கவுன்சில் செயலாளரின் வீட்டுக்கு ஓடினோம். வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி பேனாவை நீட்டினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பொழுது சாய்ந்து எங்கள் ஓய்வுநாள் தொடங்கிவிட்டது. நாளை மாலைவரை எழுதுவது எங்களுக்கு விலக்கு."

"தங்கட ஆக்களெண்டால் எழுதியிருப்பார். வாங்கோப்பா, போவம்" என்று மனைவி முணுமுணுத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் தொப்பியை எடுத்தார். "நடக்கலாம், பேசலாம். வாருங்கள்."

"சூப் ஆறுகிறது" என்றார் அவர் மனைவி.

"ஆறட்டும். தெருவுக்கென்றுதானே கவுன்சில் வைத்தோம்?"

எங்கள் வாசலில் அவர் அசையாமல் நின்று பேசினார். வீட்டுக்காரர் கடைசியில் சாமான்களைத் தொடாமலே உள்ளே போய்விட்டார். செயலாளரைத் தவறாக நினைத்ததை நான் ஒருநாளும் அவரிடம் சொல்லவில்லை. வெட்கம்.

மறுநாள் சனிக்கிழமை. அவருக்கு ஓய்வுநாள்; நான் அதே அறையிலிருந்து காலை ஷிப்டுக்குப் போனேன்.