ரோசலி மறைத்த நீலத் தழும்பு

ரோசலி கெட்டிக்காரிதான். அதை அவளே வாய்விட்டுச் சொல்லிக்கொள்வாள் என்பதுதான் குறை. பிட்ஸ்பர்க்கில் பிணம் பதப்படுத்தும் படிப்பை முடித்துவிட்டு, பிரையர் ரன் என்ற சுரங்க ஊரில் ஹுடாக் குடும்பத்துக்கு மருமகளாக வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மாமனார் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டதால், குடும்பம் நடத்திய இறுதிச்சடங்கு இல்லம் அந்த வாரம் முழுக்க அவள் கையில்.

முதல் ஆள் ஆண்ட்ரே வாசில்கோ. நிலக்கரிச் சுரங்கத்தை மூடிப் பன்னிரண்டு வருஷம் ஆன பிறகும் நெஞ்சுக்குள் கரியைச் சுமந்து, இருமி இருமிச் செத்த மனுஷன். நெற்றியில் புருவத்திலிருந்து காது வரை ஒரு நீலத் தழும்பு. வெட்டுக்காயத்துக்குள் கரித்தூள் தங்கி ஆறினால் அப்படித்தான் நிற்கும். அந்த ஊர்க் கிழவர்களில் பாதிப் பேருக்கு உடம்பில் எங்கேயாவது ஒன்று இருக்கும். ரோசலி ஒன்றரை மணி நேரம் மெழுகும் பூச்சுமாக இழைத்து, அதை இருந்த இடம் தெரியாமல் பண்ணிவிட்டாள். தள்ளி நின்று பார்த்து, தனக்குத் தானே 'சபாஷ்' வேறு போட்டுக்கொண்டாள்.

நான்கு மணிக்கு முகம் பார்க்க ஊர் வரும். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் மனைவிக்கு மட்டும் என்பது இங்கே வழக்கம். சுசானா உள்ளே வந்தாள், பெட்டிமேல் குனிந்தாள், நிமிர்ந்தாள்.

"யாருடி இது?"

"உங்க வீட்டுக்காரர்தாம்மா."

"இப்படி வழவழன்னு ஒரு மூஞ்சி எங்க வீட்ல இருந்ததே இல்லையே."

"தழும்பை மறைச்சிருக்கேம்மா. பார்க்க அசிங்கமா இருந்துச்சேன்னு..." என்று சொல்லிவிட்டு ரோசலி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அசிங்கமா? நாப்பத்தி ஒண்ணுல நாலாம் நம்பர் சுரங்கத்துல கூரை இடிஞ்சப்ப, என் தம்பி மெத்தோடை இழுத்துட்டு வந்து வாங்கினதுடி அது! அப்படி ஒரு விபத்தே நடக்கலைன்னு சாதிச்சிட்டானுங்க கம்பெனிக்காரனுங்க. அவனுங்க புஸ்தகத்துல இல்ல, பேப்பர்ல இல்ல. எழுதியிருந்த ஒரே இடம் இந்த நெத்திதான். அதையும் பூசி மெழுகிட்டியே, பாவி!"

சுசானா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "தெனம் அந்த இடத்துலதான் முத்தம் குடுப்பேன். இப்ப எங்கன்னு குடுப்பேன்?" என்று அழுதாள். ஐயோ, இந்த மனுஷியின் கடைசி ஒரு மணி நேரத்தை அல்லவா பாழாக்கிவிட்டோம் என்று ரோசலி பதறினாள்.

ஓடிப்போய்த் துணியும் களிம்பும் எடுத்து வந்தாள். மணி மூன்றரை. அழுத்தித் துடைத்தால் தோல் உரிந்துவிடுமோ என்று துணி நுனியால் மட்டும் தொட்டுப் பார்த்தாள்.

"கொண்டா இப்படி," என்று சுசானா துணியைப் பிடுங்கினாள். "தெனம் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் முதுகு தேய்ச்சு விட்டவ நான். எனக்குத் தெரியாத தோலா?"

கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுத்தாள். மெழுகு வந்தது, பூச்சு வந்தது, அப்புறம் நீலம் வந்தது. "வந்துட்டியா கிழவா," என்று குனிந்து அந்த இடத்தில் உதட்டை வைத்தாள். ரோசலி முகத்தைத் திருப்பிக்கொண்டு நன்றாகவே அழுதாள்.

பிறகு இறந்தவர்களின் விவரம் எழுதும் பதிவேட்டை எடுத்து வந்து, "அந்த விபத்து எந்தத் தேதிம்மா? இதுல எழுதி வைக்கிறேன்," என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வருஷம்தான் எனக்குத் தெரியும். தேதி மெத்தோடுக்குத்தான் தெரியும்."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் பதினோரு கிழவர்கள், தொப்பியைக் கையில் பிடித்தபடி. ரோசலிக்குத் திக்கென்றது.

"யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகல, பயப்படாதம்மா. தழும்பெல்லாம் நீ எழுதி வைக்கிறியாமே, அக்கா சொன்னா," என்றார் முன்னால் நின்ற மெத்தோட். சட்டைப் பொத்தானைக் கழற்றினார். தோளிலிருந்து மார்பு வரை நீலம் ஓடியது.

ரோசலி எல்லாரையும் உட்கார வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தாள். "சொல்லுங்க. உங்க பேரு?"

"பேரு கெடக்கட்டும். நவம்பர் பதினொண்ணு, நாப்பத்தி ஒண்ணு. அன்னைக்கு விபத்து நடந்துச்சு. அதை மொதல்ல எழுது."