தூக்கிப் பிடித்த இஸ்திரிப் பெட்டி

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நிற்பாள் மூத்தவள். காதில் இயர்போன். அதற்குள் ஒரு பிரெஞ்சுக்காரி, ரயில் எத்தனை மணிக்கு, எந்த நடைமேடையில் என்று மடமடவென்று சொல்லிக்கொண்டு போவாள். ஒரு வார்த்தை பிடிபடும். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இவள் நிற்பதற்குள் ரயிலே போய்விடும். "கொஞ்சம் நின்னு சொல்லிட்டுத்தான் போயேண்டி!" என்று திட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து போடுவாள்.

சோம்பேறி என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. நாளைக்கு எண்பது சட்டை தேய்க்கிற கை அது. பிரெஞ்சு வாசிப்பாள், எழுதுவாள், சண்டைகூடப் போடுவாள். காதில் வாங்குவதுதான் தகராறு. தேர்வில் அந்த ஒரு பகுதியில்தான் இரண்டு தடவை கோட்டை விட்டாள். மூன்றாவது தடவை இந்தச் சனிக்கிழமை. தேறினால் சலவைக்கடையின் முன்பக்கம், விசிறிக்குக் கீழே, காலியாகக் கிடக்கிற நாற்காலி. இல்லாவிட்டால் ஆயுசுக்கும் இந்த ஆவிதான்.

அந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவள் இவளுடைய ஓரகத்தி. வாடிக்கையாளர் பிரெஞ்சில் எதையோ சொல்ல, இளையவள் கலகலவென்று சிரிப்பாள். உள்ளேயிருந்து மூத்தவளும் சிரிப்பாள், ஒரு நொடி பிந்தி. சிரித்த வாய் மூடுவதற்குள் வயிறு எரியும். "அவளுக்கு இருக்கிறது காதா, வலையா? ஒண்ணு தப்பாது!"

இயர்போனைக் கொடுத்தவளும் அவள்தான். "ரெண்டு தரம் கேளுங்கக்கா, தானா வந்துடும்" என்றாள். அந்தத் 'தானா'வை மூத்தவள் இன்னும் மன்னிக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம், தேய்த்த சட்டைகளை அள்ளிக்கொண்டு முன்பக்கம் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. இளையவள் தொலைபேசியில் முதலாளியம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். பிரெஞ்சுதான். வேகத்தில் அந்த ரயில்காரி தோற்றாள். மூத்தவளுக்கு அது இப்படிக் கேட்டது: "எங்க அக்காதானே? சனிக்கிழமையும் தேற மாட்டாங்க மேடம். தேய்க்கிறதுக்குத்தான் லாயக்கு. அந்த இடத்துக்கு வேற ஆளைப் பாத்துடுங்க."

ஒரு சொல் சிந்தவில்லை. இரண்டாம் தரம் கேட்கவும் வேண்டியிருக்கவில்லை.

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பிய இளையவளுக்கு முகம் செத்துவிட்டது.

"எப்பக்கா வந்தீங்க?"

"இப்பத்தான். நீ பேசுறது எனக்கென்னடி புரியப் போகுது?"

சட்டைகளை நிதானமாகக் கொக்கியில் மாட்டினாள். பிறகு கழுத்தில் தொங்கிய இயர்போனை எடுத்து, முறுக்கு நீவி, சட்டை மடிக்கிற பக்குவத்தோடு நாலாக மடித்து, இளையவளின் முன்னால் வைத்தாள்.

"சனிக்கிழமை வரைக்கும் வச்சுக்கங்களேன்க்கா..."

மூத்தவள் அதை விரல் நுனியால் இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாகத் தள்ளினாள்.