மெசினுக்குச் சொன்ன பொய்

யாழ்ப்பாணத்தில் ஒரு விசாரணையில் கொம்பியூட்டரைப் பற்றி முதலில் சாட்சி சொன்ன ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாரும் இருந்தால் முன்னுக்கு வரட்டும், பார்ப்போம். இத்தனை வருடமாக ஒருவரும் வரவில்லை. "அம்மா திரும்பவும் தொடங்கிவிட்டா" என்று என் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் பெருமைப்படுகிற விஷயங்கள் வாழ்க்கையில் அதிகமில்லை, இருக்கிற ஒன்றிரண்டையும் சொல்லாமல் எதற்கு வைத்திருக்க வேண்டும்?

எண்பத்தாறாம் ஆண்டு. யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் கொம்பியூட்டர் வகுப்பு ஒன்று நடந்தது. இருந்ததே ஒரு மெசின், ஒரு பிறின்ரர். படிப்பித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் குருநகரில் கடற்தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. கொழும்பில் வேலை பார்த்து, எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு உடுத்த துணியோடு திரும்பி வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். மற்றவள் நான். இணுவிலில் தோட்டம் செய்கிற வீடு எங்களுடையது. பெடியன்கள் இருபது பேரை எதிரே இருத்திவைத்துப் பாடம் சொல்லும்போது எனக்கு இருந்த செருக்கை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அந்த மெசினுக்கு மறதி அதிகம். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் இன்றைக்கு என்ன திகதி, இப்போது என்ன நேரம் என்று நம்மிடமே கேட்கும். நாம் எதை அடித்துக் கொடுக்கிறோமோ அதுதான் அதற்கு நேரம். அண்ணை ஒரு சின்னப் புரோகிராம் எழுதி வைத்திருந்தார். எதை அச்சடித்தாலும் தாளின் தலைப்பில் திகதியும் நேரமும் விழும். ஒருவரும் களவாக ஒரு தாள்கூட எடுக்கக் கூடாது என்பதற்காக அவர் செய்த ஏற்பாடு அது. பார்க்கிற எல்லோருக்கும் அதைக் காட்டிச் சந்தோஷப்படுவார்.

வியாழக்கிழமைகளில் பின்னேரம் இரண்டு மணிக்கு மெசின் அறையில் எனக்கு வகுப்பு. வியாழன் இராகு காலம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை. எங்கள் வீட்டில் இராகு காலத்தில் புதுச் சட்டைகூடப் போட விடமாட்டார்கள். முதலே தொடங்கிய வேலையைச் செய்யலாம், புதிதாகத் தொடங்கத்தான் கூடாது. நான் படித்தவள், விஞ்ஞானம் கற்பிக்கிறவள், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று வெளியே சொல்லிக்கொள்வேன். ஆனால் முதல் வியாழக்கிழமை மெசின் நேரம் கேட்டபோது கை தயங்கியது. இலட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய சாமான், என் கையில் பழுதானால்? நான் ஒன்று ஐந்து என்று அடித்தேன். இராகு காலத்துக்கு முதலே தொடங்கியாயிற்று என்று மனதுக்கு ஒரு சமாதானம். வகுப்பு முடிந்ததும் அணைத்துவிடுவேன், பொய்யும் அதோடு அழிந்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் அதே ஒன்று ஐந்துதான். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அண்ணைக்குத் தெரிந்தால் ஆயுள் முழுக்கப் பகிடி பண்ணுவார்.

அந்த நாட்களில் சாவகச்சேரிப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று வேலைக்கு ஆள் எடுக்கப் பரீட்சை வைத்தது. வினாத்தாளை எங்களிடம் அச்சடிக்கத் தந்தார்கள். ஒரு வியாழன் காலை சங்கத்து உத்தியோகத்தர் ஒருவர் வந்து பக்கத்திலேயே இருந்து வேலையை முடித்து, தாளை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு போனார். சனிக்கிழமை, பரீட்சைக்கு முதல்நாள், விண்ணப்பித்த ஒரு பெண்பிள்ளை அழுதுகொண்டே சங்கத் தலைவரிடம் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். வெளியில் கைமாறிக்கொண்டிருந்த வினாத்தாள். தலைப்பில் வியாழக்கிழமைத் திகதி. நேரம் ஒன்று பதினாலு.

பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரை எங்களுக்குச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் வெளியே போய்விடுவோம். அண்ணை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த பார்சலை மெசின் அறையிலேயே பிரித்துச் சாப்பிடுவார். அவருடைய மனைவியின் தம்பியும் அந்தப் பரீட்சைக்கு விண்ணப்பித்திருந்தான். இதற்குமேல் என்ன வேண்டும்?

பொலிசார் கோட்டையை விட்டு வெளியே வராத, ஊரில் இயக்கங்கள் வைத்ததே சட்டமான காலம் அது. நீதிமன்றம் இன்றைக்குத் திறக்கும், நாளைக்குப் பூட்டும். கள்ளன் என்று ஒருவன்மேல் பெயர் விழுந்தால் வழக்கும் இல்லை, வாதாட அப்புக்காத்தும் இல்லை. விடியும்போது சந்தியில் லைற் போஸ்ற்றில் கட்டிய உடலும் கழுத்தில் குற்றம் எழுதித் தொங்கவிட்ட ஒரு மட்டையும்தான். அப்படி இரண்டைப் பஸ்ஸில் போகும்போது என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். அண்ணைக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். இந்தக் கதை ஊருக்குள் போவதற்கு முதல் தீர வேண்டும் என்று சங்கத் தலைவர் பயந்து, சாவகச்சேரியில் இருந்த ஓய்வுபெற்ற நீதவான் ஒருவரை விசாரிக்கச் சொல்லிக் கேட்டார்.

திங்கட்கிழமை சங்க மண்டபத்தில் முதல் விசாரணை. நீதவான் மெலிந்த மனிதர், கதைப்பது மெதுவாக. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணையிடம் கேட்டார்.

"தம்பி, இந்த நேரத்தை ஆர் போட்டது?"

"மெசின்தான் ஐயா. புரோகிராம் நான் எழுதினது."

"உம்மடை புரோகிராமிலை பிழை இருக்குமோ?"

"இல்லை ஐயா. நூறு தரம் பாத்திருக்கிறன்."

"மெசின் பொய் சொல்லுமோ?"

"சொல்லாது ஐயா."

"அப்ப ஒண்டு பதினாலுக்கு அந்த அறையிலை ஆர் இருந்தது?"

"நான்தான். ஆனா மெசின் அணைச்சுக் கிடந்தது. நான் சோறு திண்டுகொண்டிருந்தன்."

மண்டபத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. மனுசா, உன் புரோகிராமில் பிழை இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்துக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாரே! என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமை தீர்ப்புச் சொல்வதாக நீதவான் எழுந்துவிட்டார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது நானும் நினைத்தேன், இவர்தான் செய்திருப்பார் என்று. மனைவியின் தம்பிக்காக எத்தனை பேர் என்னென்னவோ செய்கிறார்கள். மெசின் சொல்லுகிறது, வேறு யார் செய்திருப்பது? மூன்று நாள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. என்னை விடுங்கள், கட்டடத்துக் காவலாளிகூட அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. பெடியன்கள் வாசலில் நிற்கிறார்கள். நான் மெசினைப் போட்டேன். திகதி கேட்டது, கொடுத்தேன். நேரம் கேட்டது. பழக்கத்தில் விரல் ஒன்று ஐந்து என்று அடித்துவிட்டது. நிமிர்ந்தால் சுவர் மணிக்கூட்டில் இரண்டு மணி.

ஐயோ என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். போன வியாழன் இதே நேரம் அந்தச் சங்கத்து உத்தியோகத்தர் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தது கண்முன் வந்து நின்றது. "தங்கச்சி, காலமை தந்த தாளிலை தேத்தண்ணி ஊத்துப்பட்டுப் போச்சு, இன்னொண்டு அடிச்சுத் தாரும்" என்றார். நான் மெசினைப் போட்டு, ஒன்று ஐந்து கொடுத்து, காலையில் பிளொப்பியில் பதிந்து வைத்திருந்ததிலிருந்து ஒரு தாள் அடித்துக் கொடுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் போனதும் பெடியன்களை உள்ளே கூப்பிட்டேன். இரண்டாவது தாள் போனது எனக்கு நினைவிருந்தது. ஆனால் அதில் இரண்டு மணிக்கு மேல்தான் நேரம் விழுந்திருக்கும், ஒன்று பதினாலு வேறு தாள் என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். மெசினுக்குப் பொய் சொன்னவளே அந்தப் பொய்யை நம்பினால் மற்றவர்களை என்ன சொல்ல? உண்மையில் அந்தத் தாள் வெளியே வந்தது இரண்டு ஒன்பதுக்கு. அந்த நேரம் அண்ணை முன் மண்டபத்தில் இருபது பேருக்குக் கரும்பலகையில் பாடம் எழுதிக்கொண்டு நின்றார்.

சும்மா போய்ச் சொன்னால் எடுபடாது என்று தெரியும். கூட வேலை செய்கிறவனைக் காப்பாற்ற வந்திருக்கிறாள் என்பார்கள். வேறு மாதிரியும் கதை கட்டுவார்கள், எங்கள் ஊரைத் தெரியாதா? மாணவர்கள் வியாழக்கிழமைகளில் அச்சடித்த பயிற்சித் தாள்கள் எல்லாவற்றையும், மற்ற நாட்களின் தாள்கள் சிலவற்றையும் அன்றைக்கே சேர்த்தேன். நாலு மாதத் தாள். வரவுப் புத்தகத்தையும் எடுத்து வைத்தேன். வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "கலியாணம் பேசுற நேரத்திலை சபையிலை போய் நிண்டு நான் பொய்காரி எண்டு சொல்லப்போறியே?" என்று தலையில் கை வைத்தா. பிறகு அவவே காலையில் எனக்குச் சீலை எடுத்துத் தந்தா.

சனிக்கிழமை நீதவான் பேனையைத் திறக்க முதல் நான் எழுந்து நின்றேன்.

"ஐயா, நான் ஒண்டு சொல்லோணும். சத்தியம் பண்ணிச் சொல்லுறன்."

"சொல்லும் பிள்ளை."

"அந்தத் தாளை அடிச்சது நான். ஒண்டு பதினாலுக்கு இல்லை, ரெண்டு மணி தாண்டி. நேரம் பிழையா விழுந்தது என்னாலை. நான் மெசினுக்குப் பொய் சொன்னனான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னெண்டு?"

"இராகு காலம் ஐயா."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. பின்னால் யாரோ "கொம்பியூட்டருக்கும் பஞ்சாங்கமோ!" என்று கேட்டார். காது மடல் சுட்டது. நான் உட்காரவில்லை. தாள்கட்டை மேசையில் வைத்தேன். "ஒவ்வொரு வியாழனும் வகுப்பு ரெண்டுக்குத் தொடங்கினது எண்டு பிள்ளையள் கையெழுத்து வைச்சிருக்கினம். அதே பிள்ளையளின்ரை தாளிலை மெசின் என்ன நேரம் போட்டிருக்குது எண்டு பாருங்கோ ஐயா. மற்ற நாள் தாளும் இருக்குது. அதிலை பிழை இல்லை."

நீதவான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தாளாக எடுத்து வரவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். ஒன்று இருபது, ஒன்று இருபத்திரண்டு, ஒன்று முப்பத்தொன்று. நாலு மாதமும் அப்படியே. ஒரு பிள்ளையாவது இதைக் கவனித்து எனக்குச் சொன்னதா? மெசின் போட்டது, சரியாகத்தான் இருக்கும் என்று விட்டிருக்கிறார்கள். அரை மணித்தியாலத்தில் கட்டு முடிந்தது. பிறகு அவர் உத்தியோகத்தரைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டாவது தாள் எங்கை?"

உத்தியோகத்தர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். கிழித்தேன் என்றார், எரித்தேன் என்றார், கடைசியில் மருமகனுக்குக் கொடுத்தேன் என்று அழுதார். தலைப்பில் நேரம் பிழையாக இருந்ததை அவர் அன்றைக்கே கண்டிருக்கிறார். தனக்கு வசதி என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வரவுப் புத்தகத்தாலேயே போட்டிருப்பேன்.

நீதவான் எல்லோரையும் எழுப்பி நிறுத்தினார். "இவர் வேலையை விடுவார், பரீட்சை திரும்ப நடக்கும். இந்தக் கதை இந்த மண்டபத்தைத் தாண்டினா நாளைக்கு ஒரு லைற் போஸ்ற்றுக்கு வேலை வரும். அது எனக்கு வேண்டாம்." பிறகு அறிக்கையில் எழுதியதை வாசித்தார்: தாளில் உள்ள நேரத்தை மாத்திரம் வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது, அந்த நேரத்தை மெசினுக்குச் சொன்னவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பெரிய பெரிய சட்ட ஆட்கள் இதையே மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அன்றைக்கு வெளியே போகும்போது நீதவான் என் பக்கத்தில் நின்று, "பிள்ளை, முப்பது வருசம் கோட்டிலை நீதவானா இருந்தனான். பொய் சொன்னனான் எண்டு தானா எழும்பிச் சொன்ன சாட்சி நீர் ஒராள்தான்" என்றார். அதைக் கேட்டபோது எனக்கு உயரம் ஓரடி கூடியது போல இருந்தது.

பஸ்ஸில் அண்ணை யன்னலோரம் இருந்தார்.  பகிடி பண்ணுவார் என்று நாவற்குழிப் பாலம் வரும்வரை காத்திருந்தேன், பண்ணவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நானும் உங்களைச் சந்தேகப்பட்டனான். மூண்டு நாள்."

அவர் பாலத்துக்குக் கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அதை விடு தங்கச்சி. அந்தப் புரோகிராமிலை பிழை இல்லை எண்டு எனக்கு வடிவாத் தெரியும். ரெண்டாம் நாள் நானே யோசிச்சன், சோத்தை வைச்சிட்டு எழும்பிப் போய் நான்தான் அடிச்சனோ எண்டு. வீட்டிலை மனுசியிட்டையும் கேட்டனான், நான் அப்பிடிச் செய்யிற ஆளோ எண்டு."