வாசலில் வைத்த ஒற்றைத் தேயிலை

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபத்தாறு வருஷமாகக் கொழுந்து பறிப்பவள் சண்முகவடிவு. அவள் விரல் படாத செடி அந்த மலையில் இல்லை. அவளுடையது என்று சொல்ல ஒரு செடிகூட இல்லை. ஆசை யாரை விட்டது? ஒரு மழைக்காலத்தில் நாற்றுமேடையில் கழித்துப் போட்ட தேயிலைக் கன்றொன்றைக் கேட்டு வாங்கிவந்து தான் குடியிருக்கும் லயத்து வீட்டு வாசலில் நட்டுவிட்டாள்.

பனி இறங்கும் மாலைகளில் அதன் பக்கத்தில் குந்தியிருப்பாள். பனிக்குள் கன்று மங்கலாகத் தெரியும். அது மெல்ல மெல்ல அகன்று வாசல் முழுக்கப் படர்வதாகவும், தான் பறித்துத் தானே குடிப்பதாகவும் நினைத்தபடி கண்ணயர்ந்துவிடுவாள்.

"செடியப் பாத்தே பசியாறிருவ போலருக்கே புள்ள" என்பான் புருஷன் செல்லசாமி.

கன்றோ புதுக் கொழுந்திலேயே மஞ்சளடித்தது. நரம்பு மட்டும் பச்சை. மலைச் செடிகளுக்கு டொலமைட் தூள் தூவுவதைப் பார்த்தவளாயிற்றே, தன் செல்லத்துக்கு வேண்டாமா? இரண்டு கை அள்ளிவந்து வேரில் போட்டாள். இலை இன்னும் வெளுத்தது. மறுபடியும் போட்டாள்.

மலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா ஒருநாள் அந்த வழியாக வந்தவர், குனிந்து இலையைப் புரட்டினார்.

"தீவாளிக்கு வெள்ளையடிச்ச மிச்சத்த எங்கம்மா ஊத்துவீங்க?"

"இங்கதாங்க ஐயா. மாமனாரு காலத்துலருந்து."

"அப்ப இது மண்ணா, சுண்ணாம்பு காளவாயா? தேயிலைக்குப் புளிச்ச மண்ணு வேணும். இரும்பு, துத்தநாகம் எல்லாம் இதுலயும் இருக்கு. சுண்ணாம்பு அத வேருக்குக் கெடைக்க விடாது. அதுக்கு மேல டொலமைட்ட வேற கொட்டியிருக்கீங்க. அதுவும் சுண்ணாம்பு வகதான், மலையில புளிப்பு மிஞ்சிப்போனா மட்டுந்தான் தூவுறது."

"புது மண்ணு போட்டா சரியாயிருங்களா?"

"வேரு கீழ எறங்குனா மறுபடியும் இதே கததான். பொழைக்கணும்னா மலையிலதான் வைக்கணும். பட்டுப்போன செடிக்குழி இருக்கு, வச்சிக்குங்க."

மலை தோட்டத்துக்குச் சொந்தம். அங்கே வேர் பிடித்தால் செடியும் தோட்டத்துக்குத்தான். வடிவு இரண்டு நாள் கன்றையே சுற்றிச் சுற்றி வந்தாள். நுனி கருகத் தொடங்கியதும் பெயர்த்தெடுத்து, வேரில் ஒட்டிய வெள்ளையைத் தண்ணீரில் அலசி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் மலையில் நட்டாள். திரும்பி வரும்போது அழுதாள்.

மூன்று வருஷத்தில் அது மற்றச் செடிகளோடு தோள்சேர்ந்துவிட்டது. பனி கலையாத காலையொன்றில் கொழுந்து பறிக்கத் தனக்கு ஒதுக்கிய நிரையில் போனவள், அதில் முதல் கொழுந்தைக் கிள்ளினாள். பச்சையென்றால் அப்படியொரு பச்சை. மடியில் முடிந்துகொள்ளலாமா என்று கை கொஞ்சம் தயங்கியது.

"என்னக்கா, நின்னுட்டீங்க?" என்றாள் அடுத்த நிரைக்காரி பிரியந்தி.

வடிவு அதைக் கூடைக்குள் போட்டாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடையைக் கவிழ்த்தபோது, எது அந்தச் செடியின் கொழுந்து என்று அவளுக்கே தெரியவில்லை.